முதுகு டாக்டரின் சிவப்பு வண்டி

அவருடைய கிளினிக் வாசலில் 'இயன்முறை சிகிச்சை நிலையம்' என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டியிருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறி வருகிற ஆள் அதை முழுசாகப் படித்து முடிப்பதற்குள் வலி இன்னும் கொஞ்சம் ஏறிவிடும் என்பதாலோ என்னவோ, எல்லோரும் அவரை முதுகு டாக்டர் என்றே சொன்னார்கள். அவரும் முதலில் "நான் டாக்டர் இல்லீங்க" என்று திருத்திப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

அவர் தொழிலில் பாதி பேச்சு, அந்தப் பேச்சில் பெரும்பகுதி 'வேண்டாம்'. குனியாதீங்க, கேஸ் சிலிண்டரைத் தூக்காதீங்க, மெத்தையில அமுங்கி உக்காராதீங்க, பைக்கை ஒரு மாசம் தொடாதீங்க. மேஜைமேல் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று வைத்திருப்பார். அதைக் கையில் எடுத்து, எலும்புகளுக்கு நடுவே இருக்கிற தட்டுகளை விரலால் அமுக்கிக் காட்டி, "இதுதான் உங்க உடம்போட ஷாக் அப்சார்பர். இதைத் தேய்ச்சுட்டீங்கன்னா கடையில வேற கிடைக்காது" என்பார். ஊரில் பாதிப் பேர் இந்த வாக்கியத்தைக் கேட்டவர்கள்.

அப்படிப்பட்டவர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய கதையே தனி. நோயாளி ஒருவர், துணிக்கடை முதலாளி, தட்டு விலகி வந்து படுத்தார். என்ன வண்டி ஓட்டுறீங்க என்று வழக்கம்போலக் கேட்டார் முதுகு டாக்டர். ரெண்டு கதவு வண்டி, தாழ்வான சீட்டு, உள்ளே நுழையவே உடம்பை மடக்க வேண்டும் என்றார் அவர். "முதல்ல அதை வித்துடுங்க. உங்க முதுகுக்கு அது எமன்" என்றார் டாக்டர். யார் வாங்குவார்கள் என்று அந்த மனிதர் கவலைப்பட்டார். அவரை வழியனுப்ப வாசல் வரைக்கும் வந்த முதுகு டாக்டர் அந்த வண்டியைப் பார்த்தார். சிவப்பு. நின்ற இடத்திலேயே எங்கோ போய்க்கொண்டிருப்பது மாதிரி ஒரு சாய்வு. அடுத்த வாரம் அது அவர் வீட்டு வாசலில் நின்றது.

"நோயாளிக்குச் சொன்ன அறிவுரை இவ்வளவு சீக்கிரம் பலிச்சு நான் பார்த்ததே இல்ல" என்றாள் மனைவி.

அவள் நகராட்சியில் சாலைப் பிரிவு என்ஜினீயர். பேச்சும் சாலை மாதிரிதான், நேராக வரும். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக ஊருக்கே 'வேண்டாம்' சொல்லிக்கொண்டிருக்கிற மனுஷன், தனக்கு ஒன்று வேண்டும் என்று வாயைத் திறந்தது இதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தெரியும்.

வண்டி நல்ல வண்டி. தினமும் அதில்தான் கிளினிக் போனார், காய்கறி வாங்கப் போனார், மனைவியின் ஸ்கூட்டர் மக்கர் பண்ணினால் அவளை ஆபீஸில் இறக்கிவிட்டார். வளைவில் திரும்பும்போது காரணமே இல்லாமல் சிரிப்பு வரும். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மச்சினன் வந்தான்.

மனைவியின் தம்பி கார் விஷயத்தில் கரை கண்டவன். சொந்தமாக ஒரு ஸ்கூட்டர் தவிர வேறு வண்டி கிடையாது. அதனாலேயே எல்லார் வண்டியையும் பற்றிப் பாரபட்சமில்லாமல் பேசுவான். சிவப்பு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தான். டயருக்கும் மேலே வளைந்திருக்கிற தகரத்துக்கும் நடுவில் கையை விட்டான்.

"மாமா, இங்க பாருங்க. கை முழுசா உள்ள போகுது."

"போனா என்ன?"

"என்னவா? வேட்டியைத் தூக்கிக் கட்டின மாதிரி நிக்குது மாமா வண்டி. இதுல எலி குடும்பம் நடத்தலாம்."

அந்த நிமிஷத்திலிருந்து முதுகு டாக்டருக்கு வண்டி கண்ணில் படவில்லை. அந்த இடைவெளிதான் பட்டது. காலையில் கதவைத் திறந்தால் இடைவெளி. கிளினிக் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் இடைவெளி. ரோட்டில் போகிற வண்டிகளிலெல்லாம் சக்கரத்துக்கு மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்று கண் தானாக அளந்தது.

மச்சினன் அவரை இணையத்தில் ஒரு கார் குழுவில் சேர்த்துவிட்டான். அங்கே உலகத்து இடைவெளிகளையெல்லாம் அடைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டவர்கள் இருந்தார்கள். சக்கரம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எவ்வளவு வெளியே தள்ளி நிற்க வேண்டும், ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்று பகலும் இரவும் சண்டை நடந்தது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து முதுகு டாக்டர் அந்தச் சண்டைக்குள் குடியிருந்தார். அஞ்சு கை வைத்த சக்கரமா, வலைப்பின்னல் மாதிரியா? கறுப்பா, வெண்கல நிறமா? நோயாளிக்கு இடுப்பில் கரண்ட் வைத்துவிட்டு, அந்தப் பத்து நிமிஷத்தில் போனில் சக்கரம் பார்த்தார்.

ஒருநாள் மனைவியிடம் ரெண்டு படத்தை நீட்டினார். "இதுல எது நல்லா இருக்கு, சொல்லு."

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் பார்த்தாள். "ரெண்டுமே வட்டமாத்தாங்க இருக்கு."

இன்னொரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்: "நம்ம தெரு முனையில வேகத்தடைக்கு உத்தரவு வந்துடுச்சு."

"ம். நல்லது" என்றார் அவர். அப்போதுதான் குழுவில் ஒருத்தர், வெண்கல நிறச் சக்கரம் சிவப்பு வண்டிக்கு எடுபடாது என்று எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுத வேண்டியிருந்தது.

அந்த வேகத்தடைக்கு மனுக் கொடுத்ததே அவர்தான். டெலிவரி வேன்கள் தெருவில் தலைதெறிக்கப் பறக்கின்றன என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு எழுந்தபோது, முதலில் கையெழுத்துப் போட்டவர் முதுகு டாக்டர். அப்போது அவரிடம் இருந்தது உயரமான பழைய கார். நகராட்சி தன் வழக்கமான வேகத்தில் யோசித்து, சரியாக இப்போது சம்மதித்திருந்தது.

கடைக்கு மச்சினன்தான் கூட்டிப்போனான். கடைக்காரருக்கு ஊரில் 'இறக்கி' என்றே பெயர். எந்த வண்டி வந்தாலும் தரையைப் பார்க்க இறக்கிவிடுவார். புது ரப்பர் வாசனை அடிக்கிற கொட்டகை. சுவர் முழுக்கச் சக்கரங்கள், நகைக்கடை மாதிரி விளக்குப் போட்டு. டயர் மாட்டுகிற மெஷின்மேல் பாதி குடித்த காபி. இறக்கி குரல் உயர்த்தாத மனிதர். கல்யாணத்துக்குக் கோட்டு அளவெடுக்கிற தையல்காரர் மாதிரி வண்டியைச் சுற்றி வந்தார்.

"எப்படி இறக்கணும் சார்? டீசன்ட்டாவா, பார்க்கிறவங்க நின்னு பார்க்கிற மாதிரியா?"

"தினமும் கிளினிக்குக்கு ஓட்டுற வண்டி" என்றார் முதுகு டாக்டர்.

"அப்ப டீசன்ட்டா பண்ணிடலாம்."

"என்னங்க நீங்க!" மச்சினன் குறுக்கே பாய்ந்தான். "நின்னு பார்க்கிற மாதிரியே பண்ணுங்க. மாமா, ஒரு தடவைதான் பண்ணப்போறோம். அரைகுறையா பண்ணிட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாது."

முதுகு டாக்டர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். இந்தத் தலையாட்டலுக்காக அவர் பின்னால் பல நாள் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

பெரிய சக்கரம், அதைச் சுற்றி வளையல் மாதிரி மெல்லிசான டயர், முறுக்கி முறுக்கி உயரத்தைக் குறைக்கிற வகையான ஸ்பிரிங். வேலை முடிய ரெண்டு நாள் ஆனது. முடிந்து வெளியே உருட்டி நிறுத்தியதும் மச்சினன் மறுபடியும் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தான். தகரம் டயரைக் கவ்வி உட்கார்ந்திருந்தது. கை என்ன, காகிதம்கூட நுழையாது. முதுகு டாக்டர் தன் பிள்ளைக்கு முதல் பரிசு கிடைத்ததுபோல நின்றார். அப்போது கொட்டகை ஓரத்தில் நின்ற உயரமான ஒரு குடும்ப வேனும், அதன் டிரைவர் சீட்டில் கிடந்த தலையணையும் அவர் கண்ணில் பட்டன.

"அது யார் வண்டி?"

"என்னோடதுதான் சார்" என்றார் இறக்கி.

"அதை இறக்கலையா?"

இறக்கி லேசாகப் புண்பட்டார். "அதுல நான் தினமும் போகணுமே சார்."

வீடு திரும்பும் வழியில் ரோடு அவரிடம் நேரடியாகப் பேசியது. ஒரு நாணயத்தின்மேல் ஏறினால் அது தலையா பூவா என்று சொல்லிவிடலாம்போல இருந்தது. சிக்னலில் ரெண்டு பையன்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். வயிற்றுக்குள் என்னென்னவோ இடம் மாறின. ஆனாலும் முகத்தில் புன்னகை மாறவில்லை.

தெரு முனையில் வேகத்தடை தயாராக இருந்தது. அன்றுதான் போட்டு முடித்திருந்தார்கள். வெள்ளைக் கோடு இன்னும் முழுசாகக் காயவில்லை. பக்கத்தில் சங்கச் செயலாளர், ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி, தானே கட்டின பாலத்தைப் பார்க்கிறவர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

முன்சக்கரம் ஏறியது. பிறகு வண்டியின் வயிறு தடைமேல் உட்கார்ந்தது. பாத்திரக் கடையில் அலமாரி சரிந்ததுபோல ஒரு சத்தம். ரெண்டு வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"வராதீங்க, வராதீங்க! பின்னால எடுங்க!" செயலாளர் உற்சாகமாகிவிட்டார். "சாய்ச்சு வாங்க. இடது பக்கம் ஒடிங்க. இன்னும்... இன்னும்... நிறுத்துங்க!"

பின்னால் ஹாரன் கேட்டது. ஆபீஸ் முடிந்து வந்த மனைவி, ஸ்கூட்டரில், ஹெல்மெட்டோடு.

"யாரு இதை இப்படிப் போட்டாங்க?" என்று கத்தினார் முதுகு டாக்டர்.

"நான்தான்" என்றாள் மனைவி. "அன்னிக்கே சொன்னேனே."

"எப்ப?"

"சாப்பிடும்போது. நல்லதுன்னீங்க."

அன்றிலிருந்து தினமும் காலையும் மாலையும் தெரு முனையில் ஒரு காட்சி நடந்தது. கோணலாக நிறுத்தி, ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றி, மூச்சைப் பிடித்து, அடுத்ததை ஏற்றி, நண்டு மாதிரி சிவப்பு வண்டி தடையைத் தாண்டும். செயலாளர் நாயோடு வந்து நின்று வழிகாட்டுவார். அவருக்கு ஓய்வு பெற்றதிலிருந்து இவ்வளவு முக்கியமான வேலை கிடைத்ததே இல்லை. டெலிவரி வேன்கள் மட்டும் முன்னைப்போலவே பறந்தன; அவற்றுக்கு உயரம் இருந்தது, வேகத்தடைமேல் ஒரு குதி குதித்துப் போய்விடும். தெருவில் அந்தத் தடையை மதித்து மெதுவாகப் போகிற ஒரே வண்டி முதுகு டாக்டருடையதுதான்.

கொஞ்ச நாளில் அவர் வண்டியைத் தெருவுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வர ஆரம்பித்தார். யாராவது கேட்டால், "நடக்கிறது முதுகுக்கு நல்லது" என்பார். அது உண்மையும்கூட. ஏனென்றால் அதற்குள் அவர் முதுகு பேச ஆரம்பித்திருந்தது.

முதலில் இடுப்பில் ஒரு பிடிப்பு. அப்புறம் வலது காலில் ஒரு சுரீர். நோயாளியாக இருந்தால் கேட்டதுமே சொல்லிவிடுவார். தனக்கு என்று வந்தபோது 'படுத்த வாக்கு சரியில்லை' என்று முடிவு கட்டினார். தலையணையை மாற்றினார். மெத்தையை மாற்றினார். மனைவி படுக்கிற பக்கத்தைக்கூட மாற்றிப் பார்த்தார். வண்டியைப் பற்றி மட்டும் நினைக்கவில்லை. நோயாளிகள் இல்லாத நேரத்தில் கிளினிக் கதவைச் சாத்திவிட்டுத் தானே ஒத்தடம் வைத்துக்கொண்டார்.

ஒருநாள் கழுத்து வலிக்கு வருகிற டைப்பிஸ்ட் அம்மாள் ஒருத்திக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு முக்காலியிலிருந்து எழ முயன்றார். பாதியில் நின்றுவிட்டார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அந்தம்மாள் பதறாமல், "டாக்டர், நீங்க எனக்குச் சொன்ன மாதிரியே பண்ணுங்க. ஒரு கையை மேஜைல ஊனி, மூச்சை விட்டுக்கிட்டே... ஆங், அப்படித்தான். அவசரமே வேண்டாம்" என்றாள். எழுந்ததும், "தினமும் ரெண்டு வேளை பண்ணுங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அதே வாரம் மழைத் தண்ணீர் தேங்கி நின்ற ஒரு குழியில் முன்சக்கரம் இறங்கியது. ஆழம் ஒன்றும் அதிகமில்லை. பழைய டயராக இருந்தால் சதைப்பற்றில் தாங்கியிருக்கும். வளையல் டயரில் தாங்குவதற்கு என்ன இருக்கிறது? வெண்கல நிறச் சக்கரம் ஒரு பக்கம் கடித்த முறுக்கு மாதிரி நசுங்கிக் காற்று மொத்தமும் போய்விட்டது. நனைந்துகொண்டே மனைவிக்குப் போன் போட்டார்.

"உங்க ரோட்டுக் குழி என் சக்கரத்தைத் தின்னுடுச்சு!"

"எந்த ரோடு?"

சொன்னார்.

"அது நெடுஞ்சாலைத் துறைங்க. எங்களோடது இல்ல" என்றாள் அவள். பிறகு குரல் இறங்கியது. "அடி ஏதும் படலையே? அங்கேயே நில்லுங்க, வரேன்."

ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்காரும்போது அவர் முகம் சுளித்ததை அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டாள். வாசலில் இறங்கியதும், "நாளைக்கு யாரையாவது போய்ப் பாருங்க. உங்களை நீங்களே பார்த்துக்கிட்டது போதும்" என்றாள்.

ஊருக்குள் யாரிடம் போவது? போட்டிக்குக் கடை வைத்திருக்கிறவர்களிடம் போனால் மறுநாளே விஷயம் பரவிவிடும். கூடப் படித்தவள் ஒருத்தி ஊரின் மறுகோடியில் கிளினிக் வைத்திருந்தாள், அவளிடம் போனார். அவள் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் விரலால் தட்டிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தினாள். அவர் துள்ளினார்.

"என்ன வண்டி ஓட்டுறே?"

"சின்ன கார்தான்."

"எவ்வளவு சின்னது?"

அவர் முகத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டார். அவள் ஜன்னலுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். சக்கரத்தை எப்படியோ தட்டி நிமிர்த்தி ஓட்டி வந்திருந்தார். கீழே மூணு பேர் வண்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

"அந்தச் சிவப்பா? அடப்பாவி. முதல்ல அதை வித்துடு" என்றாள். திரும்பி வந்து அவர் இடுப்பில் கை வைத்தவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "விக்கிறதா இருந்தா எனக்குச் சொல்லு. எங்க வீட்டுக்காரர் இந்த மாதிரி ஒண்ணு வேணும்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கார்" என்றாள்.

விற்பது என்ற வார்த்தை கேட்டதும்தான் அவருக்கு வலித்தது. குப்புறப் படுத்தபடியே யோசித்தார். அந்த வண்டியில் அவருக்குப் பிடித்திருந்தது என்ன? வளைவில் திரும்பும்போது வருகிற சிரிப்பு. அந்தச் சிரிப்பு கடைசியாக எப்போது வந்தது? இறக்கியிடம் விட்ட நாளுக்கு முன்னால். இத்தனை நாளும் வண்டி நிற்கும்போது எப்படி இருக்கும் என்பதற்காகவே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். போகும்போது எப்படி இருக்கும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. இது புரிவதற்கு ஒரு மழைக்காலமும் ஒரு முதுகும் தேவைப்பட்டிருக்கிறது.

மச்சினனுக்குச் சொல்லாமல் இறக்கியிடம் போனார்.

"வாங்க சார். இன்னும் கொஞ்ச நாள் ஆகும்னு நினைச்சேன், சீக்கிரமே வந்துட்டீங்க" என்றார் இறக்கி. குரலில் கேலி இல்லை; எதிர்பார்த்த விருந்தாளியை வரவேற்கிற பிரியம்தான் இருந்தது.

"என் பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போடணும்."

"உங்களோடது போயிடுச்சு சார்."

"எங்க போச்சு?"

"உங்களுக்கு முந்தி இறக்கினவர் திரும்ப ஏத்த வந்தார். அவரோடதை அவருக்கு முந்தினவருக்குக் கொடுத்துட்டேன். அதான் உங்களோடதை அவருக்குப் போட்டேன்."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு அப்புறம் இறக்கினவரோடது உள்ள இருக்கு. தங்கமா வச்சிருக்கேன்."

முதுகு டாக்டருக்கு ஊரே ஒரு கணம் தெளிவாகத் தெரிந்தது. எல்லோரும் அடுத்தவன் ஸ்பிரிங்மேல் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்; நடுவில் இந்த மனிதர் ஒரு கையால் இறக்கி, மறு கையால் ஏற்றிக்கொண்டிருக்கிறார். கோபம் வரவில்லை. தன் தொழிலும் ஒரு பக்கத்தில் இப்படித்தான் என்று தோன்றியது.

இந்தத் தடவை அவர் சுவரில் மாட்டியிருந்த சக்கரங்களைப் பார்க்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோயாளியிடம் விசாரிப்பதுபோல வண்டியைப் பற்றித் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். தினமும் எந்த வழியாகப் போகிறது? எங்கே குழி, எங்கே தண்டவாளம், எங்கே மழை நிற்கும்? சுமை எவ்வளவு? வயது என்ன? கேட்டு முடித்ததும் முடிவும் வந்துவிட்டது. பழைய அளவிலேயே சக்கரம், ஆனால் எடை குறைந்ததாக. டயர் சதைப்பற்றோடு, ஈர ரோட்டில் நல்ல பிடிப்போடு. ஸ்பிரிங் கம்பெனி உயரத்தில். ஷாக் அப்சார்பர் மட்டும் புதுசு, நல்லதாக, விறைப்பில்லாமல்.

இறக்கி குறித்துக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார். முகம் வாடிவிட்டது. "சார், இப்படிப் பண்ணினா ஒண்ணுமே பண்ணாத மாதிரி இருக்குமே."

"இருக்கட்டும்."

"யாருமே பார்க்க மாட்டாங்க சார்."

"பார்க்க வேண்டாம்."

யாரும் பார்க்கவில்லைதான். சிக்னலில் பையன்கள் போனைத் தூக்கவில்லை. குழுவில் படம் போட்டார். 'எப்ப மாத்தப் போறீங்க?' என்று ஒருத்தர் கேட்டார். மச்சினன் வந்து பார்த்துவிட்டு, துக்க வீட்டில் உட்காருகிறவன் மாதிரி வாசல்படியில் உட்கார்ந்தான். "இவ்வளவு செலவு பண்ணி, வாங்கின அன்னிக்கு இருந்த மாதிரியே ஆக்கிட்டீங்களே மாமா" என்றான். அக்கா உள்ளேயிருந்து, "உனக்கு வேற வேலை இல்லையாடா?" என்றாள்.

ஆனால் வண்டி! கிளினிக் போகிற வழியில் ஆற்றோரமாக ஒரு வளைவு உண்டு. அங்கே திரும்பினார். டயர் ரோட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே சுழன்று வந்தது. நடுவில் இருந்த ஒட்டுப்போட்ட பள்ளம் இருந்த இடம் தெரியவில்லை. தனியாக வண்டிக்குள் சத்தமாகச் சிரித்தார். முதுகும் மெல்ல மெல்ல வாயை மூடியது. கூடப் படித்தவளிடம் கடைசித் தடவை போனபோது வண்டியை விற்கப்போவதில்லை என்றார். அவளுக்குச் சந்தோஷமும் வருத்தமும் கலந்து வந்தது.

வேகத்தடையை மட்டும் அவர் இன்னும் நண்டு மாதிரியே தாண்டினார். பழக்கம். செயலாளரும் விடுவதாக இல்லை.

அப்படி இருக்கையில் ஒருநாள் மனைவியின் ஆபீஸ் ஜீப் பழுதாகிவிட்டது. ஊரைச் சுற்றிச் சாலைகளைப் பார்வையிட வேண்டிய நாள். ஸ்கூட்டரும் சர்வீஸுக்குப் போயிருந்தது. "உங்க வண்டியை எடுத்துக்கட்டுமா?" என்றாள். அதுவரைக்கும் அவள் அதை ஓட்டியதே இல்லை. அவர் சாவியைக் கொடுத்து, கிளட்ச் எப்படி, கியர் எப்படி என்று சொல்ல ஆரம்பித்தார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தெரு முனையில் செயலாளர் நாயோடு நின்றார். "சாய்ச்சு வாங்கம்மா, இடது பக்கம்..."

"எதுக்கு சாய்க்கணும்? கம்பெனி உயரத்துல இருக்கிற வண்டி. விதிப்படி போட்ட தடை. நேரா ஏறி இறங்கும்" என்றாள் அவள். நேராகத்தான் விட்டாள்.

பாத்திரக் கடை அலமாரி மறுபடியும் சரிந்தது.

அவள் இறங்கினாள். வண்டியின் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். தடையைப் பார்த்தாள். செயலாளரைப் பார்த்தாள். செயலாளர் நாயைப் பார்த்தார். பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, தெருவே வேடிக்கை பார்க்க, முட்டி போட்டு உட்கார்ந்து அளந்தாள். வேலை முடிந்த அன்றே அளந்திருக்க வேண்டும். சொந்தத் தெருவில், அக்கம்பக்கத்தார் முன்னால், நடுரோட்டில் மண்டியிட வெட்கப்பட்டு, கண்ணளவில் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தாள்.

கான்ட்ராக்டருக்குப் போன் போனது. "மேடம், கலவை கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு" என்றார் அவர். "வீணாப் போகுதேன்னு பார்த்தேன். அங்க நின்ன பெரியவரும், இன்னும் கொஞ்சம் போடுங்க, இன்னும் கொஞ்சம் போடுங்கன்னார்."

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோது அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்தத் தடை... கொஞ்சம் உசரமாத்தான் இருக்கு" என்றாள்.

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"அதான் கொஞ்சம்னு சொல்றேன்ல? நாளைக்குச் சுரண்டி எடுக்க ஆள் வருது."

முதுகு டாக்டருக்கு நியாயமாக வெற்றிக்களிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் மனசு வேறு கணக்கில் ஓடியது. "அப்ப, சரியான உசரத்துல போட்டிருந்தா, நான் இறக்கின வண்டி தாண்டியிருக்குமா?"

அவள் என்ஜினீயர். பொய் சொல்ல வராது. மனசுக்குள் கணக்குப் போட்டாள். "தாண்டியிருக்காது. உரசியிருக்கும்" என்றாள். அவர் முகம் விழுந்ததைப் பார்த்ததும், "ஆனா இவ்வளவு சத்தம் வந்திருக்காது" என்றும் சொன்னாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் அவருக்குச் சொன்ன ஆறுதல்களில் இதுவும் ஒன்று.

மறுநாள் தடையைச் சுரண்டினார்கள். செயலாளருக்கு வேலை போனது; சில நாள் வீட்டைவிட்டே வெளியே வரவில்லை.

ஜீப் சரியாகி வந்தது. ஆனாலும் அடுத்த வாரம் அவள் மறுபடியும் சாவியைக் கேட்டாள். ஜீப்பில் போனால் ரோடு எப்படி இருக்கிறது என்றே தெரிவதில்லையாம். இந்த வண்டியில் போனால்தான் எங்கே பள்ளம், எங்கே ஒட்டு என்று உடம்புக்குத் தெரிகிறதாம். அரசாங்க வேலைக்கு அவசியம் என்றால் மறுக்க முடியுமா? அதற்கடுத்த வாரம் அவள் கேட்கவில்லை. சாவி அவள் பையிலேயே இருந்தது. ஆற்றோரத்து வளைவு எந்தத் துறையைச் சேர்ந்தது என்று இவர் விசாரித்துப் பார்த்தார். அது நகராட்சியுடையதும் இல்லை. அவள் ஆபீஸ் போகிற வழியிலும் இல்லை. ஆனாலும் வாரத்தில் மூணு நாளாவது அதைப் பார்வையிட வேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் முதுகு டாக்டர் ஸ்கூட்டரில்தான் கிளினிக் போகிறார். ஒருநாள் காலை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது, தெருவுக்கு அப்பால் பெரிய ரோட்டில் சிவப்பு வண்டியின் சத்தம் கேட்டது. கியர் மாற்ற வேண்டிய இடம் வந்தது. மாற்றவில்லை. என்ஜின் இன்னும் கொஞ்சம் பாடியது, இன்னும் கொஞ்சம், அப்புறம்தான் மாற்றினாள். பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு சார் இவ்வளவு வேகமா போறது?" என்று கேட்டார்.

"டெலிவரி வேனா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.